பின்னோக்கிய இருக்கை

பிப்ரவரி. ப்ர்னோ நகரத்தில் எங்கள் சமையலறை.
மேசை கொள்ளாமல் ஒரு ஐரோப்பா.
போர்த்துகல் விளிம்பில் வழிந்து தொங்குகிறது,
பின்லாந்து சுருளாமலிருக்க
உப்புக் குப்பியைத் தூக்கி வைத்திருக்கிறோம்.

ஆளுக்கு மூன்று அவரை விதை.
பிடித்த ஊரில் வைக்கலாம்,
சேர்த்தோ, பிரித்தோ.
கையிருப்பு: பதினோரு நாள் விடுப்பு,
பிளம் ஜாம் தீர்ந்த ஜாடியில்
இரண்டு வருடத்துத் தாளும் சில்லறையும்.

கிரிஷ்டோஃப் யோசிக்கவே இல்லை.
மூன்றையும் டார்ட்மண்டில் கொட்டினான்.
பதினான்கு வயதுக்கு மைதானம் போதும்,
ஊர் எதற்கு?
ஜூலையில் அங்கே ஆட்டமே இருக்காதேடா என்றேன்.
"காலியா இருந்தா என்னம்மா,
புல்லைப் பார்க்கலாம்."

நாத்தனார் போஹுமிலா
புத்தகமெங்கும் மஞ்சள் தாள் ஒட்டி வந்திருந்தாள்.
ரோம், ஃப்ளோரன்ஸ், சியெனா.
மூன்று ஊர், மூன்று விதை, கணக்கு நேர்.
காலை ஒன்பதுக்கு ஒரு கோபுரம்,
பதினொன்றரைக்கு ஒரு கல்லறை,
வரிசையில் நிற்காமல் நுழையத் தனிச்சீட்டு.
எனக்கு இங்கேயே மூச்சு வாங்குது என்றேன்.
காதில் விழாத மாதிரி பக்கம் புரட்டினாள்.

என் முதல் விதை கியோஜ்ஜாவில்.
விடியலில் அங்கே மீன் சந்தை கூடுமாம்.
கடலே இல்லாத நாட்டில் பிறந்தவள் நான்;
ஒரு காலை முழுக்க மீன்களைப் பார்க்க வேண்டும்,
ஒன்றைக்கூட வாங்காமல்,
செதில் உரிக்காமல்.
இரண்டாவதை கென்ட் மேல் வைத்தேன்.
உடனே எடுத்துவிட்டேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அங்கே ரொம்ப மழை என்றிருப்பேன்.

ராதிம்தான் பாக்கி.
குளிர்ந்துபோன தேநீரை மூன்று முறை கலக்கினான்.
பிறகு வைத்தான்: ஒன்று வியன்னாவுக்குத் தெற்கே,
ஒன்று மலைகளுக்குள்,
ஒன்று பேர் தெரியாத ஒரு வயல்வெளியில்.
"ஊர்மேல வை, ராதிம்" என்றாள் அக்கா.
"ஊர்மேல இல்ல, தண்டவாளத்துமேல வெச்சிருக்கேன்."

சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை.
"இருபத்திரண்டு வருஷமா ட்ராம் ஓட்டுறேன்.
எதிர்ல வர்றது மட்டும்தான் எனக்குத் தெரியும்.
சிக்னல், சைக்கிள்,
கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்ற பொம்பள.
கண்ணாடியில பார்த்தா கதவு மூடிச்சான்னு மட்டும் பார்ப்பேன்.
தாண்டினது என்ன ஆச்சுன்னு ஒருநாளும் பார்த்ததில்ல.
வேற யாராவது ஓட்டட்டும்.
வந்த பக்கம் பார்த்து உக்காந்து
எல்லாம் சின்னதாகுறதப் பார்த்துக்கிட்டே போகணும்.
எங்க எறங்கினாலும் சரி."

குளிர்சாதனப் பெட்டி கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது.
போஹுமிலா ரோமிலிருந்து ஒரு விதையைத்
தானாகவே எடுத்தாள். அடுத்து ஃப்ளோரன்ஸ்.
சியெனாவை விடவில்லை.

இப்படித்தான் முடிவாயிற்று:
வியன்னா வரை ஒரு ரயில்,
ஸெம்மரிங் மலை ஏறி வெனிஸுக்கு இன்னொன்று, பகல் முழுக்க.
கியோஜ்ஜாவில் ஐந்து இரவு, சியெனாவில் மூன்று.
டார்ட்மண்டுக்கு வசந்தத்தில், நிஜ ஆட்டத்துக்கு:
சீட்டுக்கவியல்ல, கையெழுத்திட்ட ஒப்பந்தம்,
சாட்சி உட்பட, பால் ரசீதின் பின்புறத்தில்.
விதைகள் சூப்புக்குப் போயின.
பன்னிரண்டில் பதினொன்றுதான் இருந்தது;
கிரிஷ்டோஃப் மேசைக்கு அடியில் தேடினான்,
நானும் குனிந்து தேடினேன்,
ஏப்ரன் பையில் கையை விட்டபடி.

வெள்ளிக்கிழமை நிலையத்தில்
முன்பதிவுப் பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"நாலு பேருக்கும் முன்னோக்கிய இருக்கைதானே?"
பின்னோக்கி ஒன்று வேண்டும் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"அதுக்கு விலை குறையாதே."
தெரியும் என்றேன்.
அவள் தட்டச்சு செய்யத் தொடங்கிய பிறகு,
"ஒன்றில்லை,
இரண்டு."